காயாத சட்டைகள்

கொப்பரையில் கேப்டனின் வெள்ளைச் சட்டைகள் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் குடிசைகளை இடிக்க ஆட்கள் வந்தார்கள். கெஸயா துணி கிண்டும் கட்டையோடு அப்படியே நின்றாள். நவம்பர் குளிரில் கென்டக்கி மண் கல்லாகிக் கிடந்தது. கறுப்புச் சிப்பாய்களின் மனைவிமார் முகாமின் ஓரத்தில் பலகையும் கித்தானும் வைத்துக் கட்டிக்கொண்ட குடிசைகள் அவை. கோடரிக்கு முன்னால் எம்மாத்திரம்? இடிக்க வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களில் பாதிப்பேர் போட்டிருந்தது அவள் துவைத்துக் கொடுத்த சட்டை.

“பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாரும் வண்டில ஏறுங்க. கேப்டன் உத்தரவு,” என்று கத்திக்கொண்டே வந்த சார்ஜென்ட் விட்காம்ப், கொப்பரையை எட்டிப் பார்த்தார். “இது அவரோட துணியா? சரி, அலசிக் காய வெச்சுக் குடுத்துட்டு நீ கடைசி வண்டில ஏறு.”

துரத்துகிறவனுக்குத் துணி வேண்டுமாம், அதுவும் காய்ந்து வேண்டுமாம். கெஸயா கட்டையை ஓங்கிக் கொப்பரைக்குள் குத்தினாள். ஆனால் “சரிங்கய்யா” என்றாள். கித்தானுக்குப் பின்னால் அவளுடைய நாலு வயது மகள் டெம்பி காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள். இந்தக் குளிரில் திறந்த வண்டியில் ஏற்றினால் பிள்ளை பிழைக்காது. அப்படியே பிழைத்தாலும் எங்கே போவது? முகாம் எல்லையைத் தாண்டியதும் ஆள் பிடிப்பவர்கள் காத்திருப்பார்கள். பிடித்துக் கொண்டுபோய் அவள் முதலாளி பெட்டிஃபோர்டின் பண்ணையில் விடுவார்கள்.

அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மூன்றரை வருஷமாக வெட்டிக்கொண்டு சாகின்றன. அடிமைத்தனத்தை ஒழிக்கத்தான் சண்டை என்று முகாமில் ஞாயிறுதோறும் பிரசங்கம் நடக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கென்டக்கி வடக்கின் பக்கம் நிற்கும் மாநிலம். வடக்குக்கு விசுவாசமான முதலாளிமாரின் உடைமையில் அரசாங்கம் கை வைக்காது. பெட்டிஃபோர்ட் விசுவாசமானவர், கெஸயா அவர் உடைமை. துப்பாக்கி தூக்கிய அன்றே அவள் புருஷன் அம்ப்ரோஸ் சுதந்திர மனிதன் ஆனான். அவன் ஓடிவந்து பட்டாளத்தில் சேர்ந்ததற்கு மறுநாள் சாட்டையடி வாங்கியது அவள் முதுகு. அதன் பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளும் முகாமுக்கு ஓடிவந்தாள். புருஷன் விடுதலையானவன், பெண்டாட்டி அடிமை. எந்த மூளைகெட்டவன் எழுதிய சட்டமோ!

அம்ப்ரோஸ் விடியற்காலையிலேயே தன் படைப்பிரிவோடு குன்றுக்கு அப்பால் பதுங்குகுழி வெட்டப் போயிருந்தான். பொழுது சாயத்தான் திரும்புவான். “நீ சண்டைக்குப் போ, உன் குடும்பத்துக்கு இங்க இடம் உண்டு” என்று அவனைச் சேர்க்கும்போது எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தவர் இதே கேப்டன். அவன் வந்து நேருக்கு நேர் கேட்டால் மனுஷன் வெட்கப்பட மாட்டாரா? அதுவரைக்கும் சட்டை காயக்கூடாது.

காயவில்லை. கொடியில் போட்ட சட்டைகள் மேல், யாரும் பார்க்காதபோதெல்லாம் ஒரு குவளைத் தண்ணீர் வீசினாள். விரல்கள் பத்தும் விறைத்துக்கொண்டு நின்றன. வண்டியில் ஏறிக்கொண்டிருந்த பக்கத்துக் குடிசை ஃபில்லிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

“அடியே, அந்தச் சட்டை இனி ஈஸ்டருக்குத்தான் காயும்.”

“காயட்டும். எனக்கென்ன அவசரம்?”

ஃபில்லிஸ் சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஒவ்வொரு வண்டியாகப் போனது. அவளுடையதை விட்டுவிட்டு மற்றக் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள்.

நாலாவது தடவை வந்தபோது விட்காம்ப் ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தார். கை நனைந்தது. கொடிக்குக் கீழே மட்டும் பனிக்கட்டி வழுக்கியது. டெம்பியைத் துணிமூட்டை மாதிரி தூக்கி வண்டியில் போட்டார். கெஸயா பின்னாலேயே ஓடி ஏறினாள்.

வண்டி கிளம்பும் நேரம், மண்வெட்டியும் துப்பாக்கியுமாகப் படைப்பிரிவு திரும்பி வந்தது. எரிகிற குடிசைகளைக் கண்டு வரிசை கலைந்தது. அம்ப்ரோஸ் வண்டியை நோக்கி ஓடிவந்தான். விட்காம்ப்பைக் கண்டதும் அவன் கை தானாக நெற்றிக்குப் போனது.

“சல்யூட்டா வெக்கிற?” கெஸயா வீறிட்டாள். “உம்புள்ள சாகக் கெடக்கு, இவனுக்கு சல்யூட்டா வெக்கிற?”

அவன் கை இறங்கியது. “சார்ஜென்ட், கேப்டன் எனக்கு வாக்குக் குடுத்திருக்காரு. அவரப் பாக்கணும்.”

“அவரு ஊர்ல இல்ல. காலையிலேயே கிளம்பிட்டாரு.”

அதாவது, தீ வைக்கச் சொல்லிவிட்டு அது எரிவதைப் பார்க்காமல் போய்விட்டார். அவள் நாளெல்லாம் காத்திருந்தது இதற்குத்தான். அம்ப்ரோஸ் மேல்கோட்டைக் கழற்றி டெம்பியைச் சுற்றினான்.

“அது அரசாங்கச் சொத்து. எடு அத.”

“நானும் அரசாங்கச் சொத்துதான? என்னையும் சேத்து அனுப்புங்க.” அவன் சக்கரத்தில் கால் வைத்து ஏறினான். விட்காம்ப்பின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

கெஸயா புருஷனின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். “எறங்கு. ஓடிப்போனவன்னு சுட்டுருவாங்க. உன்னச் சுடலாம், நீ சுதந்திர மனுஷன்.”

பிள்ளையைக் கோட்டோடு தூக்கிக்கொண்டு அவளே குதித்தாள். வண்டிக்கு முன்னால் போய், கோவேறு கழுதைகளின் முகத்துக்கு நேரே உறைந்த சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஓட்டச் சொல்லுங்கய்யா. இல்லாட்டி சுடுங்க. ஆனா நான் பெட்டிஃபோர்ட் ஐயாவோட பொருளு, எம்மவளும் அவரு பொருளு. விசுவாசமான மனுஷரு. அவரு பொருள ஒடைச்சுட்டு என்ன பதில் சொல்லுவீங்க?”

படைப்பிரிவில் யாரோ பக்கென்று சிரித்தான். இன்னொருவன் சிரித்தான். அப்புறம் எல்லாச் சிரிப்பும் ஒரேயடியாக நின்றது. ஒருவரும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“ஓட்டுடா!” என்றார் விட்காம்ப்.

வண்டிக்காரன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி சிப்பாய்களைப் பார்த்தான். கோவேறு கழுதைகள் தலையைத் தாழ்த்திக் கெஸயாவின் தலைக்கு மேல் மூச்சு விட்டன. அந்த வெதுவெதுப்பில், கோட்டுக்குள்ளிருந்து டெம்பி ஒரு கையை வெளியே நீட்டினாள்.