பாண்டிதுரை எலுமிச்சைக்குத் தொட்டி மாற்றினார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொட்டியை உடைத்த சுத்தியல் என்னுடையது. அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன். இலக்கிய தாகமெல்லாம் இல்லை.

‘மலைமேல் மேகம் இறங்கிய ஒரு...’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். கதை நடந்தது ராஜபாளையத்தில் ஒரு மொட்டைமாடியில். அங்கிருந்து மலை தெரியும்தான். ஆனால் இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை.

2

பாண்டிதுரை இருபத்து நான்கு வருடம் ராணுவத்தில் இருந்து, போன சித்திரையில் ஓய்வு பெற்று வந்தவர். (முதல் பிரதியில் அவருக்குப் பெரிய மீசை வைத்திருந்தேன். உண்மையில் முகம் மழமழவென்றிருக்கும். மன்னிக்கவும்.) மனைவி வெங்கடேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். நான் கீழ்ப் போர்ஷனில் குடியிருப்பவன்.

மாடியில் ஒரு மண்தொட்டியில் எலுமிச்சை மரம். ஒன்பது வருடமாக வெங்கடேஸ்வரி வளர்த்தது. இலையெல்லாம் மஞ்சளடித்து, அடித் துளை வழியாக வேர் வெளியே வந்திருந்தது.

“மூச்சு முட்டிக் கெடக்கு. இன்னைக்கே மாத்திருவோம்” என்றார் பாண்டிதுரை.

“மதினி வந்துரட்டுமே அண்ணே.”

“சர்ப்ரைஸா இருக்கட்டும்லே. சுத்தியல் வச்சிருக்கியா?”

3

(இந்த இடத்தில் வேர்களைப் பற்றி ஒரு பக்கம் தத்துவம் இருந்தது. நீக்கிவிட்டேன். நன்றி எதுவும் வேண்டாம்.)

தொட்டியை உடைத்தோம். வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே சுருண்டு இறுகியிருந்தன. பாண்டிதுரை அரிவாளால் பாதியை வெட்டினார். நீல பிளாஸ்டிக் டிரம்மில் கண்மாய்க் களிமண்ணைப் போட்டு மரத்தை நட்டு, பூட்ஸ் காலால் மிதித்து இறுக்கினார். இரண்டு கை யூரியா.* இரண்டு குடம் தண்ணீர். டிரம்முக்கு அடியில் ஓட்டை போட இரண்டு பேருமே மறந்துபோனோம்.

* யூரியா அவர் யோசனை. ‘இன்னொரு கை போடலாம்ணே’ என்றது நான். இது இன்றுவரை வெங்கடேஸ்வரிக்குத் தெரியாது.

சாயங்காலம் வெங்கடேஸ்வரி மாடியேறிப் பார்த்தார். உடைந்த தொட்டித் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு இறங்கிப் போனார். நாலாம் நாள் இலை உதிரத் தொடங்கியது. எட்டாம் நாள் வெறும் குச்சி நின்றது. அந்த எட்டு நாளும் அவர் கணவரோடு பேசவில்லை.

4

ஒரு மரத்துக்காக எட்டு நாள் பேசாமலிருப்பாரா? வாசகர் நம்பமாட்டாரே என்று ‘இரண்டு நாள்’ எனத் திருத்தப் பார்த்தேன். அப்புறம் ஒன்பதாம் நாள் அவர் வாய் திறந்தது ஞாபகம் வந்தது.

“நீங்க லீவு முடிஞ்சு போன மறுநா நட்டது இது. வருசத்துல ரெண்டு மாசம் இங்க இருப்பீக. மிச்சப் பத்து மாசமும் நான் யாருகிட்டப் பேசுனேன்னு நெனைக்கீக?”

பாண்டிதுரை குனிந்து டிரம்மில் கிடந்த காய்ந்த இலைகளைப் பொறுக்கினார். (கண் கலங்கியதாக எழுதலாம். ஆனால் குனிந்திருந்தார், எனக்குத் தெரியவில்லை.)

“என்னப் பத்தி அதுகிட்ட என்ன சொன்ன?”

“நல்லதா ஒண்ணுஞ் சொல்லல.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெங்கடேஸ்வரிக்கு வரவில்லை. “சிரிக்காம டிரம்மைச் சாய்ங்க” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல பாண்டிதுரை செய்தார். வேரில் ஒட்டிய களிமண்ணைக் கழுவி, அழுகிய கறுப்பு வேர்களை மட்டும் நறுக்கினார். டிரம்மில் ஓட்டை போட்டு, அடியில் ஓட்டுத் துண்டுகளைப் பரப்பினார். செம்மண், மணல், மட்கிய சாணம். காய்ந்த கிளைகளைக் கழித்து, மேலே சாக்கு கட்டி நிழல் செய்தார்.

“உரம் ஏதும்...”

“உரம்னு இன்னொருவாட்டி சொன்னீகன்னா...”

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

5

அதன்பிறகு பாண்டிதுரை காலையில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு கோர்ட்டுக்கு போன் போடுகிறார். “வெரல்ல ரெண்டு கணு ஆழத்துக்கு ஈரம் இருக்கு. தண்ணி வேண்டாம். ஓவர்.” சாயங்காலம் இரண்டு பேரும் குச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அம்புட்டும் கீழே எனக்குக் கேட்கிறது. எழுதமாட்டேன்.

6

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். மரம் துளிர்த்தது என்றால் சினிமா. பட்டுப்போனது என்றால் விருது கிடைக்கும். நேற்று இரண்டையும் கெடுத்துவிட்டார்கள்.

“ஏலே, மேல வா!”

குச்சியின் ஒரு கணுவில் அரிசி அளவுக்குப் பச்சையாக என்னவோ இருந்தது.

“தளிரு” என்றார் பாண்டிதுரை.

“முள்ளு” என்றார் வெங்கடேஸ்வரி.

“நீ எழுதுறவன்தானேலே, நீயே சொல்லு.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நுனி கூராக இருந்தது. தளிரும் முதலில் கூராகத்தான் இருக்கும். எனக்குத் தெரியவில்லை.

“சரி, முள்ளுன்னே வச்சுக்க. செத்த மரத்துல முள்ளு மொளைக்குமா?” என்றார் பாண்டிதுரை.

வெங்கடேஸ்வரி இன்னும் கிட்டப் போய்க் குனிந்தார். பக்கத்தில் பாண்டிதுரையும் குனிந்தார்.

எலுமிச்சை வளர்த்தவர் யாராவது இதைப் படித்தால், அது தளிரா முள்ளா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் இன்னும் நிமிரவில்லை. இடுப்பு வலிக்கும் வயசு.