கைச்சோதனை

அன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போதே என் வீட்டுக்காரர் ஆபீஸ் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார். கண்ணாடி முன்னால் ஒட்டி ஒட்டி நிற்கிறோம், இரண்டு பேர் வாயிலும் நுரை. "இன்னைக்கு என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன். நிதானமாகத் துப்பி, வாய் கொப்பளித்து, துண்டை மடித்துப் போட்டுவிட்டு, "எந்த விஷயமா கேக்கறீங்க மேடம்?" என்றார். வீட்டில் நாங்கள் நீ, வா, போதான். மேடம் என்று வந்துவிட்டால் இனி தலைகீழாக நின்றாலும் அந்தக் கல்லுளிமங்கனிடமிருந்து ஒரு சொல் பெயராது. சாப்பாட்டு மேஜையில் மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, அம்மாவ ஃபெயில் பண்ணிட்டு சாயங்காலம் வீட்டுப்பக்கம் வந்துடாத. எனக்குப் பரீட்சை இருக்கு, சத்தம் தாங்காது" என்றாள். அவர் முட்டையை உரித்துக்கொண்டே இருந்தார். முட்டை அந்தக் கைக்குள் போனால் இருக்கிற இடமே தெரியாது. கம்பெனியில் அவருக்கு முறம் என்று பேர். முறத்துக்கு விரல் முளைத்தால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட கை.

எங்கள் கம்பெனி செய்வது நகராத எஞ்சின்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பால் பதப்படுத்தும் ஆலையில், சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற இடத்தில், சிமென்ட் மேடை கட்டி போல்ட் முடுக்கி உட்கார வைத்தால், எரிவாயுவைக் குடித்துக்கொண்டு கரண்டும் வெந்நீரும் கொடுத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஒரே இடத்தில் கிடக்கும். சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கி ஜெயித்ததே இல்லை. "எஞ்சின்னா எந்த வண்டிக்கு?" என்பார்கள். எந்த வண்டிக்கும் இல்லை என்றால், வரன் அமையாத பெண்ணைப் பார்ப்பது போல் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்கோ அது நகராமல் இருப்பதில்தான் ஆசையே. ஓடுகிற வண்டி இன்றைக்கு மேடு, நாளைக்குப் பள்ளம் என்று சாக்குச் சொல்லும். இதற்குச் சாக்கே கிடையாது. ராத்திரி பகல் ஒரே வேகம், ஒரே சத்தம், ஒரே வேலை. நின்றால் அது நம் தப்பு.

சோதனைக் கூடத்தில் சேர்ந்த புதிதில், பால் ஆலையில் ஒரு எஞ்சின் மத்தியானமானால் இருமுகிறது என்று என்னை அனுப்பினார்கள். அங்கே பராமரிப்புக்கு இருந்தவர்தான் இவர். கோளாறு எஞ்சினில் என்று அவர், வாயுவில் என்று நான். சாணக் குழியிலிருந்து வருகிற வாயு ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது. சண்டை போட்டுச் சண்டை போட்டு, எஞ்சின் இருமலை விட்ட பிறகும் எங்களுக்குச் சண்டையை விட மனசு வரவில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டோம். அவர் ஊர் ஊராகப் போய் எங்கள் எஞ்சின்களைப் பழுது பார்க்கிற களத்துக்கே போய்த் தலைமைப் பொறியாளர் ஆனார். நான் வரைபடத்துக்குப் போய், மற்றவர்கள் வரைந்த எஞ்சின்களுக்குத் தலை, மூக்கு, காது என்று பாகம் பாகமாக வரைந்துகொண்டே இருந்தேன். இந்த எஞ்சின்தான் அடியிலிருந்து உச்சிவரை என்னுடையது. குப்பை மேட்டிலிருந்து வருகிற நோஞ்சான் வாயுவைக்கூட முகம் சுளிக்காமல் எரிக்கும். சோதனைக் கூடத்தில் மாதக்கணக்கில் ஓடிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அதன் சத்தத்தைக் கேட்டால் எனக்குப் பசி எடுக்கும், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் எஞ்சின் ஓடினால் மட்டும் போதாது எங்கள் கம்பெனியில். கைச்சோதனை என்று ஒன்று இருக்கிறது. கழற்றி மாட்ட வேண்டிய ஒவ்வொரு பாகத்தையும், வரைந்தவரே தன் கையால், களத்து ஆட்களின் கருவிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, அவர்கள் கண் முன்னால் கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும். அவர்கள் சுற்றி நின்று வாய்க்கு வந்ததைப் பேசலாம், தொடக் கூடாது. முடிந்ததும் களத்துத் தலைவர் "அனுப்பலாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் எஞ்சின் உடலை இரும்பில் வார்த்துத் தருகிற வார்ப்படக்காரர்களுக்கு அன்றைக்கே ஆர்டர் போகும். சொல்லாவிட்டால் அவர்கள் உலை அடுத்தவர்களுக்குப் போய்விடும், எங்கள் முறை அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம்வரை என் எஞ்சினைக் காத்து வைத்திருக்கப் பெரிய மேனேஜருக்குப் பொறுமை கிடையாது. வெளியிலிருந்து ஒரு எஞ்சினை வாங்கி நம் பேரை ஒட்டிவிடலாம் என்ற பேச்சு ஏற்கனவே காதில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்ல வேண்டியவர்தான் காலையில் முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் போய்ச் சேர்ந்தபோது களத்து ஆட்கள் எல்லாரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலை சீவி வந்திருந்தார்கள். மீசை என்று நாங்கள் கூப்பிடுகிற மூத்த ஃபிட்டர் எனக்காகவே ஒரு மர ஸ்டூல் செய்து கொண்டுவந்து எஞ்சின் பக்கத்தில் போட்டார். "மேடத்துக்கு எட்டாதுல்ல, அதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏனென்றால் எட்டாது. நான் குள்ளம், கை அதைவிடக் குள்ளம். மகளுடைய சின்ன வயசு வளையலே இன்னும் எனக்குச் சேரும். முறம் தள்ளி, தூணோரம், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் பெரிய மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆரம்பித்தேன். எண்ணெய் வடிகட்டி வந்தது, போனது. ஸ்பார்க் பிளக் ஒவ்வொன்றாக வந்தது, போனது. "சமையல்கட்டுல இவ்ளோ வேகம் உண்டா மேடம்?" என்று ஒருத்தன் கேட்டான். "அங்க உங்க சாருக்குத்தான் வேகம், அவரையே கேளு" என்றேன். தூணோரம் முறம் கூரையைப் பார்த்தார். வாயு வால்வு, தண்ணீர் பம்பு, எல்லாம் வரிசையாக வந்து தரையில் துணி மேல் உட்கார்ந்துவிட்டு மறுபடி அதனதன் இடத்துக்குப் போயின. எனக்கு உள்ளுக்குள் பாட்டே வந்துவிட்டது. கடைசியாக மிச்சம் இருந்தது தட்டல் உணரி. எஞ்சினின் இரண்டு வரிசை சிலிண்டர்களும் விரித்துவைத்த புத்தகம் மாதிரி சாய்ந்து நிற்கும், நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தின் அடியில் கட்டைவிரல் அளவுக்கு உணரி ஒன்று உட்கார்ந்து, வாயு தாறுமாறாக எரிந்து உள்ளே தட்டினால் உடனே காட்டிக்கொடுக்கும். நோஞ்சான் வாயுவுக்கு அது இல்லாமல் கதை நடக்காது. அடிக்கடி மாற்றவும் வேண்டும். பக்கவாட்டில், தண்ணீர்க் குழாய்க்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகக் கையை விட்டேன். கண்ணை மூடிக்கொண்டே திருகினேன். உணரி கையோடு வந்தது. புதிசை மாட்டினேன். கூடமே கை தட்டியது. மீசை மட்டும் குனிந்து அந்த இடுக்கைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார், பிறகு முறத்தைப் பார்த்தார்.

நானும் திரும்பி முறத்தைப் பார்த்தேன். கட்டியிருந்த கையை அவிழ்த்து மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டரிலும் ஒரு கை இருக்கிறது, வரைபடத்துக்குள் விட்டுப் பார்க்கலாம். பொம்மைக் கையை யார் நம்புவார்கள் என்று, மரத்தில் எஞ்சினுக்கு மாதிரி செய்த நாளிலிருந்தே ஒவ்வொரு இடுக்கிலும் என் கையையே விட்டு விட்டுப் பார்த்தேன். பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன், என் எஞ்சினில் என் கை போகாத இடமே இல்லை என்று. என் கை. வளையல் போடுகிற இந்தக் கை. ஊர் ஊராக இந்த எஞ்சினைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் எல்லாரும் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள், கை என்ற பேரில் ஆளுக்கொரு மண்வெட்டியைத் தோளிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு.

விதிப்படி நான் தேறிவிட்டேன். வரைந்தவர் கை போனால் போதும், விதியில் வேறு எதுவும் இல்லை. மேனேஜர், "அப்புறம் என்ன, சொல்லிடுங்க" என்றார். முறம் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து மாட்டியிருந்த ஆபீஸ் முகம் கழன்றுவிட்டிருந்தது. இத்தனை வருஷமாக நான் வரைந்துவிட்டுத் தூங்காமல் புரண்டதையெல்லாம் பார்த்த முகம் அது. அந்த மனுஷன் அந்த வார்த்தையைச் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்காகச் சொல்லிவிட்டு, பிறகு வருஷக்கணக்கில் ஒவ்வொரு குப்பை மேட்டிலும் இடுக்கில் கையைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். கேட்டால் கதவில் பட்டது என்பார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, அப்படி ஒரு ஆசையும் வந்தது. அவர் வாயைத் திறந்தார்.

"நீ இங்க வா" என்றேன்.

நீ என்று கேட்டதில் மேனேஜருக்குக் கடிகாரம் மறந்துபோனது. "தொடக் கூடாதே மேடம், வழக்கம் இல்லியே" என்றார் மீசை, பாவம், எனக்காகத்தான். "வழக்கத்த நான் பாத்துக்கறேன். வந்து கைய விடு" என்றேன். அவர் நடந்து வந்தார். வாட்சைக் கழற்றி மீசையிடம் கொடுத்தார். "வேணாம்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "விடுன்னா விடு." விட்டார். விரல்கள் போயின. கை பாதி போனது. முகத்தைக் கோணிக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினார், மணிக்கட்டுவரை போய்விட்டது. "போயிடுச்சே" என்று யாரோ சொன்னார்கள். "போயிடுச்சு," என்றார் முறம், "ஆனா இனி வராது."

சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை. மேனேஜரே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மீசை எண்ணெய் ஊற்றினார், சோப்புத் தண்ணீர் ஊற்றினார். முறம் இழுத்தார், பல்லைக் கடித்தார், கடைசியில் எஞ்சின் மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டார். "நல்லா வெதுவெதுன்னு இருக்கு, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என் எஞ்சின் என் கண் முன்னால் தோற்றுக்கொண்டிருக்கிறது, நான் சிரிக்கிறேன். குழாயைப் பிடித்திருக்கிற தாங்கிதான் கையை மறிக்கிறது, அதன் போல்ட் எங்கே என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? குட்டை ஸ்பானர் ஒன்றை எடுத்துக்கொண்டு எஞ்சினின் பின்பக்கம் போனேன். ஸ்டூலை அங்கே இழுத்துப் போட்டு ஏறி, எஞ்சின் மேல் படுத்து, பள்ளத்தின் கடைசியிலிருந்து தோள்வரை கையை உள்ளே நீட்டினேன்.

ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு. தடவிக்கொண்டே போனேன். முதலில் தட்டுப்பட்டது போல்ட் இல்லை. "அது என் விரல்" என்றது எஞ்சினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "தெரியுது, ஆட்டாம இரு" என்றேன். பக்கத்திலேயே போல்ட் இருந்தது. ஸ்பானரைப் போட்டு ஒரு திருப்பு திருப்பினேன், தாங்கி தளர்ந்தது. குழாய் ஒரு விரல் அளவுக்கு ஒதுங்கியதும் கைக்கு வழி பிறந்துவிட்டது. அந்த ஒரு விரல்தான். தாங்கியைத் திருப்பிப் பின்பக்கமாக மாட்டியிருந்தால் எந்த முறமும் போய்வரலாம். புதிதாக இரண்டு துளை, அவ்வளவுதான். வார்ப்படத்தில் அந்த இடத்தில் வேண்டிய மட்டும் இரும்பு இருக்கிறது, அச்சை மாற்றவே வேண்டாம். எனக்குப் படுத்தவாக்கிலேயே துள்ள வேண்டும்போல் இருந்தது. "தாங்கியைத் திருப்பிட்டாப் போதும் சார், வார்ப்படத்துல கை வைக்கவே வேணாம்" என்று உள்ளேயிருந்தே கத்தினேன்.

மேனேஜரின் செருப்புச் சத்தம் அந்தப் பக்கம் போனது. "திருப்பிட்டா சரியாகுமா? நீங்கதான் சொல்லணும். அனுப்பலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

"கை வெளிய வரட்டும் சார், சொல்லிடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வழி விட்டுடுச்சா சார்? இழுத்துப் பாருங்க" என்றார் மீசை.

இழுத்தால் வந்துவிடும். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். உள்ளே இருட்டில், எண்ணெயும் சோப்புமாக வழுக்கிக்கொண்டு அந்தப் பெரிய கை கொஞ்சம் நகர்ந்து வந்தது. ஸ்பானரோடு சேர்த்து என் கையை முழுசாக மூடிக்கொண்டது.

"இன்னும் இல்ல" என்றார்.