மணிக்கட்டு அளவு

செலண்டாருக்கு அப்பால் இருந்த ரப்பர் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனுக்கு, ரத்தம் குடிப்பவர்கள் மதியம் இரண்டு மணிக்கு வந்தார்கள். அதற்குள் ரப்பர் பால் நிறுத்து முடிந்திருக்கும். சனங்கள் குளித்திருப்பார்கள். வந்தவர்கள் பன்னிரண்டு பேர். தலைவர் நாகமுத்துக் கங்காணி, ஆட்களோடு கப்பலில் வந்தவர், வந்த வயதிலேயே இருந்தார். பாலுக்கு மரம் வெட்டுவதைப் போலவே அவர்கள் குடித்தார்கள்: இடது கையில், ஒருநாள் விட்டு ஒருநாள், மரம் இலையுதிர்க்கும் மாதத்தில் ஓய்வு. இளமரத்தை உளிக்கு எடுக்குமுன் சுற்றளவு பார்ப்பார்கள். நாகமுத்து பிள்ளைகளின் மணிக்கட்டை ஒரே நீளக் கயிற்றால் அளந்தார். கயிற்றின் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், இன்னும் சிறுசு என்று பிள்ளையை விட்டுவிடுவார்.

தொண்ணூற்றிரண்டில் தங்கா பத்து டவுனிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது. அதில் பதினோரு பேர். தலைவன் சேகரன் டை கட்டியிருந்தான். அவர்கள் கழுத்தில் குடித்தார்கள், ஞாயிறும் விடவில்லை, எதையும் அளக்கவில்லை. ஆட்கள் குடியிருந்த லயம் யாருக்கு என்று சண்டை தொடங்கியது. தோட்டத்தார் உளியோடும் டவுன்காரர்கள் இரும்புக் குழாயோடும் பால் ஸ்டோருக்குப் பின்னால் மோதினார்கள். வெட்டுப்பட்டவர்கள் மூன்றாம் நாள் எழுந்து, இழந்ததை லயத்துச் சனங்களிடம் குடித்து ஈடுகட்டினார்கள். ஒரு சண்டைக்குச் சனங்களில் இரண்டு பேர் வறண்டார்கள். பட்டை மரத்துப்போன மரத்தைப் போல, அவர்களைக் கீறினாலும் ஒன்றும் வரவில்லை. சாகவும் இல்லை. உட்காரவைத்த இடத்தில் இருந்தார்கள். தோளில் குருவிகள் உட்கார்ந்தன. நான்காவதாக வறண்டவர் கந்தசாமி. வெள்ளிக்கிழமைகளில் மனைவி பவானேஸ்வரி அவரைத் துடைத்து வைத்தாள்.

பவானேஸ்வரிக்கு ஸ்டோரில் வேலை. தொட்டிப் பாலில் ஆசிட் ஊற்றி உறையவைப்பவள் அவள்தான். மகள் தேவிஸ்ரீக்குப் பதினான்கு வயது. தொண்ணூற்றைந்து சனவரியில் நாகமுத்து அவள் மணிக்கட்டை அளந்தார். முனைகள் ஒரு நெல் அகலம்தான் ஏறின. தீபாவளிக்குப் பிறகு தொடங்கலாம் என்றார்.

"அதுவரைக்கும் டவுன்காரன் விட்டுவைப்பானா மாமா? நேத்தே வந்து கழுத்தப் பாத்துட்டுப் போனான்" என்றாள் பவானேஸ்வரி. சேகரன் வந்திருக்கவே இல்லை.

மறுநாள் அவள் வேனருகே போய் நின்றாள். "கங்காணி ஆளுங்க கயிறோட வந்துட்டுப் போயிட்டாங்க லா தம்பி. நீங்க டை கட்டிக்கிட்டு வேன்லயே உக்காந்திருங்க."

பத்து மாதம் அவள் இப்படி இரண்டு பக்கமும் பேசினாள். இரு தரப்பும் மற்றதைக் காவல் காத்ததில் தேவிஸ்ரீயை யாரும் நெருங்கவில்லை. அந்த மாதங்களில் மேலும் ஆறு பேர் வறண்டார்கள். பவானேஸ்வரி அவர்களையும் துடைத்தாள். தினமும் காலையில் பாலில்லாத கோப்பி-ஓவில் ஒரு கரண்டி ஆசிட் கலந்து குடித்தாள். பற்கள் நான்கு விழுந்தன.

தீபாவளிக்கு முந்தைய வாரம், இரு தரப்பும் களைத்திருந்தபோது, அவள் சமாதானம் பேசினாள். ரத்தம் குடிப்பவர்கள் சமாதானமானால் ஒரே ஆளிடம், ஒரே கீறலில், அத்தனை பேரும் குடிக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். ஒருவர் விலகினாலும் செல்லாது.

"எங்கிட்டயே குடிங்க. ஆளுக்கு ஒரு பால் மங்கு" என்றாள்.

ஞாயிறு மதியம் இருபத்துமூன்று பேரும் ஸ்டோருக்கு வந்தார்கள். நாகமுத்து அவள் கையை முகர்ந்தார். "என்ன புள்ள, புளிச்ச வாடை?"

"ஸ்டோர்ல வேல செய்றவ மல்லிகப்பூவா மணப்பா, மாமா?"

அவர் சிரித்தார். எழுபது வருடத்தில் தராசைத் தாண்டி அவர் ஸ்டோருக்குள் வந்ததில்லை. மரத்தடி மங்கில் பால் தானாக உறைவதைத்தான் பார்த்திருந்தார். தொட்டியில் பெண்கள் எதை ஊற்றுகிறார்கள் என்று அவர் கேட்டதே இல்லை.

அவள் இடது கையை அவளே கீறினாள். இருபத்துமூன்று மங்குகளும் நிறைந்தன. குடித்து முடித்தவர்கள் பாதத்திலிருந்து உறையத் தொடங்கினார்கள்.

"டேய் சேகரா, காலு வரல" என்றார் நாகமுத்து.

சேகரன் டையைத் தளர்த்தப் போன கை கழுத்திலேயே நின்றது.

நான்கு மணிக்கு நன்றாக உறைந்திருந்தார்கள். ஸ்டோர்ப் பெண்கள் அவர்களை உருளையில் விட்டு ஷீட்டாக்கி, கழுவி, புகைவீட்டில் தொங்கவிட்டார்கள். நான்காம் நாள் தோட்டத்தான் எது, டவுன்காரன் எது என்று தெரியவில்லை. அந்த வார லோரியில் மற்ற ஷீட்டுகளோடு போனார்கள். வாங்கியவர்களிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை.

வறண்டவர்களுக்கு ரத்தம் திரும்பவில்லை. பவானேஸ்வரியின் இடது கை அன்றே உறைந்தது, பொங்கலுக்குள் கால்களும். தொண்ணூற்றெட்டில் தோட்டத்தை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். குடிபெயர்ந்தபோது, அலமாரிக்கும் சமையல் கேஸ் தோம்புக்கும் நடுவில் பவானேஸ்வரி லோரியில் வந்தாள், பக்கத்தில் பாயில் சுற்றிய கந்தசாமி. சுங்கை ரம்பாயில் தேவிஸ்ரீ இருவரையும் புது வீட்டு வாசலில் உட்காரவைத்தாள். வெயில் ஏறினால் பவானேஸ்வரி இளகிப் பேசுவாள். மழை நாளில் பேச்சு இருக்காது.

மறுவருடம் தேவிஸ்ரீயின் கல்யாணத்துக்கு வளையல்காரர் பெட்டியோடு வந்தார். அளவு பார்க்க வேண்டும், கையைக் கொடு என்றார். தேவிஸ்ரீ கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வளையல்காரர் காத்திருந்தார்.

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

"குடுடி" என்றாள் பவானேஸ்வரி. "அவரு வளையல்காரரு."

தேவிஸ்ரீ கையைக் கொடுத்தாள். அது முடிந்ததும் வளையல்காரர் தாயின் இடது மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். அமுங்கி, மெல்ல எழுந்தது.

"இவங்களுக்கு எந்த சைஸும் ஏறும்லா" என்று சொல்லி அரை டஜன் சிவப்பு வளையல் போட்டுவிட்டார். ஒன்றுகூட உடையவில்லை.