சங்கத்து மருத்துவச்சி

பேரையூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பண்ணை வேலை செய்து பிழைத்தவள் ஒச்சாயி. அவளுக்குப் பிறந்த ஒரே பிள்ளை பிறந்த வாரத்திலேயே ஜன்னி கண்டு இறந்தது. கதிர் அறுத்த அரிவாளாலேயே கொப்பூழ்க்கொடியை அறுத்திருந்தார்கள். அதனால்தான், ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பழக்கிவிட மதுரை மாதர் சங்கத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று பண்ணையார் மனைவி ரெங்கம்மாள் சொன்னதும், புருஷன் முறைத்ததைப் பாராமல் கிளம்பினாள். ரெங்கம்மாள் அந்தச் சங்கத்தில் முக்கியமான ஆள்.

கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்கவும், பெருகும் உதிரத்தை நிறுத்தவும் கற்றுக்கொண்டு, சங்கம் கொடுத்த தகரப்பெட்டியோடு திரும்பினாள். அவள் தெருவில் அதன்பின் எந்தப் பிள்ளையும் ஜன்னியில் போகவில்லை. அவள் இருக்கிற தைரியத்தில் பிள்ளைத்தாய்ச்சிகள் களையெடுக்கப் போனார்கள். அவள் தங்கை சீனியம்மாளும் நிறைமாதத்தில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

யுத்தம் தொடங்கிய வருஷம் ஆவணியில் ரெங்கம்மாளின் மருமகளுக்கு லேசாக இடுப்பு வலித்தது. ஒச்சாயி வந்து பார்த்தாள்.

"இது பொய்வலி தாயி. நான் போயிட்டு வாரேன்."

"போறதாவது? எம் மருமக பெத்து எந்திரிக்கிற வரைக்கும் நீ இங்ஙனதான் கெடக்கணும்."

தொழுவத்தை ஒட்டிச் சாக்கு விரித்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் வெயில் ஏறும்போது கொல்லைக் கதவுக்கு வெளியே சீனியம்மாளின் புருஷன் விருமாண்டி கத்தினான். "மதினி! பிள்ள பொறந்திருச்சு. உதிரம் நிக்க மாட்டேங்குது. ஓடியா மதினி!"

ஒச்சாயி பெட்டியைத் தூக்கினாள். ரெங்கம்மாள் குறுக்கே நின்றாள்.

"தாயி, கூப்பிடு தூரந்தான். பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"அந்தத் தீட்டுல கைய வச்சுட்டு எம் மருமகளத் தொடுவியா? ஒன்னயப் படிக்க வச்சதே நான்டி!"

காலில் விழுந்தும் பயனில்லை. வேலைக்காரன் கதவுக்குப் பூட்டுப் போட்டான். ஒச்சாயி கதவில் முகத்தை வைத்துக் கத்தினாள். "அடிவயித்த அமுக்கித் தேய்க்கச் சொல்லு! பிள்ளைய மார்ல போடச் சொல்லு!"

விருமாண்டி ஓடினான். பொழுது சாய்வதற்குள் தெருவிலிருந்து ஒப்பாரி கேட்டது.

அடுத்த நாள் மருமகளுக்கு நிஜவலி எடுத்தது. ஒச்சாயிதான் பேரனை எடுத்துக் கொடுத்தாள். அந்த நேரத்திலும் தன் கை நடுங்காதது அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

தை மாதம் மதுரையில் சங்கத்து ஆண்டுவிழா. ரெங்கம்மாள் பேரனோடு முன்வரிசையில் இருந்தாள். படித்து முன்னேறிய பெண் என்று ஒச்சாயியை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள்.

"கை சுத்தமா இருக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீக," என்ற ஒச்சாயி ரெங்கம்மாளைக் கைகாட்டினாள். "கதவத் தொறந்து விடணும்னு இவுகளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலியே? என் தங்கச்சி செத்துப் போனா."

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவியம்மாள் அவசரமாக வாழ்த்துப் பாடச் சொன்னாள். அன்றைக்கே பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சீனியம்மாள் பெற்றுப்போட்ட பெண்பிள்ளையை ஒச்சாயிதான் வளர்த்தாள். விருமாண்டி பண்ணையாரின் நிலத்தைத்தான் உழுதான்; ரெங்கம்மாள் எதிரே வந்தால் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். ஒச்சாயியோடு மட்டும் அவன் சாகிறவரை பேசவில்லை.