ஏளனத்தில் ஓடிய எஞ்சின்

பல் டாக்டரின் பாய்மரப் படகிலிருந்த பழைய பெட்ரோல் எஞ்சின், தொட்டியில் ஒரு சொட்டு பெட்ரோல்கூட இல்லாத ஒரு காலையில், அவருடைய மச்சான் அதைக் கேவலமாகப் பேசிய மாத்திரத்தில் ஓட ஆரம்பித்தது. அந்த வாரம் வெங்காயம் விலை ஏறியிருந்ததால் ஊரில் இது அவ்வளவாகப் பேசப்படவில்லை. படகுத்துறையில் மட்டும் பேசினார்கள். அங்கிருந்தவர்களுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை இருந்ததில்லை.

படகு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் கடலுக்குப் போகிறவர்கள் அல்ல. படகைக் கட்டிப்போட்டுவிட்டு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, பெட்ரோல் எஞ்சின் நல்லதா டீசல் எஞ்சின் நல்லதா என்று பேசியே நரைத்தவர்கள். பெட்ரோல் ஆவி கனமானது, படகின் அடிவயிற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஒரு பொறி பட்டால் படகுக்காரன் மேகத்தில்தான் கரையேறுவான் என்று டீசல் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். டீசல் என்பது லாரிக்குப் போடுவது, அது ஆடுகிற ஆட்டத்தில் வாயிலிருக்கும் பல் வயிற்றுக்குப் போய்விடும் என்று பெட்ரோல் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு கட்சியிலும் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்தத் துறைக்கென்று ஒரு விதியும் இருந்தது. ஆண்டுதோறும் பருவம் தொடங்குமுன், ஒவ்வொரு பாய்மரப் படகும் பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு, எஞ்சினை மட்டும் நம்பி அலைதடுப்புச் சுவரைத் தாண்டி, வெளியே மிதக்கும் சிவப்பு மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். திரும்பாத படகைக் கரையேற்றி உடைத்து விறகாக்கிவிடுவார்கள். பாடகரைத் தேர்ந்தெடுக்க அவர் நடக்கும் அழகைப் பார்ப்பது போன்ற இந்த விதியை யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே அதை மாற்றவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பல் டாக்டருக்கு அந்தப் படகு போனால் வீடும் கிளினிக்கும்தான் மிஞ்சும். இரண்டு இடத்திலும் அவர் அடுத்தவர் வாயைப் பார்த்தே காலம் தள்ள வேண்டியிருந்தது. படகில் மட்டும்தான் மனிதர் நிமிர்ந்து மூச்சு விட்டார். ஆனால் எஞ்சின் விஷயத்தில் அவரிடம் தொழில்புத்தி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்குகிறவன் டாக்டர் அல்ல, கூலிக்கு வந்தவன் என்பது அவர் கொள்கை. அதே கொள்கையை அவர் எஞ்சினுக்கும் வைத்தார். உப்புத்தண்ணீர் தின்ற ஓட்டைகளைச் சின்னக் கண்ணாடி விட்டுப் பார்த்து, கொக்கி ஊசியால் துருவைச் சுரண்டி, பல் அடைக்கும் சிமெண்டால் அடைத்தார். கார்புரேட்டரை வெளியே எடுத்து, வாய் கொப்பளிக்கும் மருந்தில் ஊறவைத்தார். தீப்பொறி பிளக்கைத் துலக்குவதற்கென்றே ஒரு தனி பிரஷ் வைத்திருந்தார். ஒருமுறை சிலிண்டரில் கிராம்புத் தைலம் தடவியதைப் பார்த்ததாக டீக்கடைக்காரர் சத்தியம் செய்தார். இவ்வளவும் செய்து முடித்தபின் எஞ்சினிலிருந்து நல்ல வாசனை வந்தது. சத்தம் வரவில்லை.

மனைவியின் அண்ணன் டீசல் எஞ்சின் விற்கிறவர். ஊரே அவரை டீசல் மச்சான் என்றுதான் கூப்பிடும், அவருக்கு மச்சான் முறை ஆகாதவர்கள்கூட. தங்கையின் கணவருக்கென்று ஒரு டீசல் எஞ்சினை வரவழைத்து, மரப்பெட்டியோடு படகுத்துறையில் இறக்கி வைத்துவிட்டு, மாப்பிள்ளை மனம் மாறட்டும் என்று காத்திருந்தார். பரிசோதனை நாள் வந்தது. பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரை மடியில் வைத்துக்கொண்டு பல் டாக்டர் அழுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மச்சான் படகில் ஏறி எஞ்சினைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“இது எஞ்சினா மாப்பிள்ளை? எஞ்சின் சாகறப்போ விடற மூச்சுகூட இதுக்கு இல்லையே. பழைய இரும்புக்காரன் பார்த்தா, எடுத்துட்டுப் போறதுக்குக் கூலி கேப்பான். பிடுங்கி எறிங்க.”

எஞ்சின் ஒரு தடவை செருமியது. பிறகு, முகத்தில் அறை வாங்கிய மனிதன் எழுந்து நிற்பதுபோல் படபடவென்று ஓட ஆரம்பித்தது. மச்சான் பயந்துபோய் வாயை மூடினார். எஞ்சின் நின்றது. பல் டாக்டர்தான் முதலில் புரிந்துகொண்டார். நோயாளியின் வாயைத் திறக்கவைத்தே பழக்கப்பட்டவர் அல்லவா? “பேசுங்க மச்சான், நிறுத்தாதீங்க” என்று கயிற்றை அவிழ்த்துவிட்டார். மிதவையைச் சுற்றி வரும்வரை டீசல் மச்சான் மூச்சுவிடாமல் அந்த எஞ்சினை, அதைச் செய்தவனை, அதை வாங்கியவனை, அதற்கு எண்ணெய் விட்டவனை எல்லாம் ஏசிக்கொண்டே வந்தார். கரையேறும்போது தொண்டை கட்டியிருந்தது. படகு தேறியது.

அதன்பின் வந்த ஆண்டுகளில் டீக்கடை, ஏளனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தது. அரைத்த மாவையே அரைத்தால் எஞ்சின் கறுப்புப் புகை விட்டுத் திக்கியது. அடுத்தவன் சொன்னதைக் கேட்டு வந்து சொன்னால் பாதி வழியில் நின்றது. பொறாமையில் வந்த ஏளனத்துக்கு வேகம் உண்டு, நீடிப்பு கிடையாது. விஷயம் தெரிந்தவன் நிதானமாக, உதட்டோரம் சிரித்துக்கொண்டு சொல்கிற ஏளனம்தான் அதற்கு முதல்தரம். இதைக் கேள்விப்பட்ட மற்றவர்களும் வீட்டுக்குப் போய்த் தங்கள் எஞ்சின்களைத் திட்டிப் பார்த்தார்கள். அவை திட்டு வாங்கிக்கொண்டு கம்மென்று கிடந்தன. எல்லா இரும்புக்கும் மானம் இருப்பதில்லை. மச்சான் பாடுதான் பரிதாபம். அவர் எவ்வளவு மட்டமாகப் பேசினாரோ அவ்வளவு நன்றாக அது ஓடியது. அது ஓட ஓட மரப்பெட்டியின் மேல் நாய்கள் படுத்துத் தூங்கின. புகழ்ந்தால் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டு ஓர் ஆண்டு வாய்நிறையப் புகழ்ந்தார். “ஆகா, எஞ்சின்னா இதுதான் எஞ்சின், உலகத்துல இதுக்கு ஜோடி உண்டா” என்றார். வஞ்சப் புகழ்ச்சி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்களே, அதை மனிதர்கள் மறந்துவிட்டிருந்தாலும் எஞ்சின் மறக்கவில்லை. படகு அன்று அலைமேல் படாமல் போய்வந்தது.

ஆனால் எந்த ஏளனமும் நாளாக நாளாகப் பாசமாகிவிடுகிற ஆபத்து உண்டு. வெளியூர்க்காரர்கள் எஞ்சினைப் பார்க்க வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் அதை “நம் காலத்தின் மனசாட்சி” என்று எழுதினார். அன்று அதன் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் ஒழுக ஆரம்பித்தது. முன்பு அதைக் குப்பை என்றவர்கள், அதைக் குப்பை என்று முதலில் சொன்னது தாங்கள்தான் என்று பெருமைப்பட்டார்கள். மரியாதை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மெலிந்தது. கெட்டதிலும் கெட்டது, டீசல் மச்சானே அதைக் கடந்து போகும்போது தன் கைக்குட்டையால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுப் போவதைப் பலர் பார்த்தார்கள். கேட்டால், கையில் அழுக்கு என்றார்.

அந்த ஆண்டுப் பரிசோதனைக்கு மச்சானுக்கு ரத்த அழுத்தம் என்பதால், மாத்திரையும் வெந்நீர் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு அவர் தங்கையான டாக்டரின் மனைவியும் படகில் ஏறினார். தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற வேலை அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து படகைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்வரை மச்சான் எப்படியோ ஓட்டிவிட்டார். மிதவை கண்ணுக்குத் தெரிந்தபோது எஞ்சின் இரண்டு விக்கல் விக்கி நின்றது. நீரோட்டம் படகை மெதுவாகப் பாறைகளின் பக்கம் திருப்பியது. கரையில் துறைமுக அதிகாரி தொலைநோக்கியை எடுத்தார். அவருக்குப் பின்னால் கோடரிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள்.

“துருப்பிடிச்ச கழுத...” என்று தொடங்கினார் மச்சான். “எவ்ளோ உழைச்சிருக்கு மாப்பிள்ளை இது. திட்ட எப்படி வாய் வரும்?”

பல் டாக்டர் குனிந்தார். வாழ்நாளில் யாரையும் ஏளனம் செய்து பழக்கமில்லாத மனிதர். “ஏய் சோம்பேறி” என்றார். அது தூங்குகிற குழந்தையை எழுப்புகிற குரலாக இருந்தது. எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு, கண்ணீர் மாதிரி இறங்கியது. பாறைகளின் மேல் உட்கார்ந்திருந்த பறவைகள் இவர்களுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தன.

மனைவி பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினார்.

“ரெண்டு பேரும் கொஞ்சி முடிச்சாச்சா?” என்றார். எஞ்சின் செருமியது. “கல்யாணமான மறுநாள் எங்கயோ கூட்டிட்டுப் போறீங்கன்னு நல்ல சேலையா கட்டிட்டு வந்தேன். இந்தா, எஞ்சினுக்கு டார்ச்சைப் பிடின்னு கையில குடுத்தீங்க. இன்னும் கீழ வைக்கல. ஊர்ல இருக்கறவன் பல்லெல்லாம் எண்ணி வச்சிருக்கீங்களே, நான் பல்லு தெரியச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சுன்னு பார்த்தீங்களா?”

எஞ்சின் பிடித்துக்கொண்டது. மச்சான் மகிழ்ச்சியில் கைதட்டினார்.

“நீ தட்டாதே அண்ணே. தங்கச்சி வீட்டுக்காரருக்கே ஒரு எஞ்சினை விக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு வியாபாரி. நாய் படுக்கறதுக்குப் பெட்டி வாங்கிப் போட்டிருக்கே. பெட்ரோலாம், டீசலாம். இத்தனை ஆம்பளைங்க கூடி உக்காந்து இத்தனை வருஷம் பேசினீங்களே, மேல ஒரு துணியைச் சுருட்டிக் கட்டி வச்சிருக்கே, அது எதுக்கு? துவைச்சுக் காயப்போடவா?”

படகின் மூக்கு தண்ணீரை விட்டு எழும்பியது. மிதவையை ஒரு சுற்றுச் சுற்றியும் அவர் பேச்சு முடியாததால் இன்னொரு சுற்றுச் சுற்றியது. குரலை உயர்த்தாமல், கடிதங்களுக்கு முத்திரை குத்துகிற அதே சீரில் அவர் பேசிக்கொண்டே வந்தார். மாமியார் வீட்டு விருந்தில் டாக்டர் கார்புரேட்டரைச் சாப்பாட்டுத் தட்டில் கழுவியது, பிரசவ ஆஸ்பத்திரிக்கு எஞ்சினின் ஒரு துண்டோடு வந்து அதைத் தொட்டிலில் வைத்தது, மனைவியின் பிறந்தநாளுக்குப் பரிசென்று ஒரு கேஸ்கெட் வாங்கி வந்தது எல்லாம் வந்தது. துறைமுக அதிகாரி தொலைநோக்கியை இறக்கி, தேறியது என்று சொல்லிவிட்டு, தன் வீட்டு ஞாபகம் வந்து அவசரமாகக் கிளம்பிப் போனார். படகைக் கட்டிய பிறகும் எஞ்சின் நிற்கவில்லை. துறையின் பலகைகள் சில ஆணியோடு பிடுங்கிக்கொண்டன. கோடரிக்காரர்கள் அவற்றை விறகாக்கி எடுத்துப் போனார்கள்.

மறுநாள் காலை பல் டாக்டர் மரப்பெட்டியின் மேலிருந்த நாய்களை எழுப்பிவிட்டு, டீசலையே போட்டுவிடலாம் என்று மச்சானிடம் சொன்னார். டீசல் கட்சி இதைத் தன் வாதத்துக்குக் கிடைத்த வெற்றி என்று டீக்கடையில் கொண்டாடியது. ஆவியின் கனத்தை அவர் யோசித்திருந்தார் என்றார்கள். அவர் யோசித்தது வேறு. அடுத்த ஆண்டும் அந்த எஞ்சின் ஓட வேண்டுமானால், மனைவி சொல்லாமல் விட்ட மிச்சத்தையும் அவர் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். அதைவிடப் பிடுங்குவதே மேல் என்று வாழ்க்கையில் முதல்முறையாக முடிவு செய்தார். எஞ்சினின் போல்ட்டுகளைக் கழற்றும்போது அழுதது டீசல் மச்சான்தான். டீசலுக்கு ஏற்றபடி படகின் உள்கட்டையை அறுத்து, தொட்டியை மாற்றி, குழாய்களை மாற்றியதில், படகில் பழையதாக மிஞ்சியது பாயும் டாக்டரும் மட்டும். புதிய எஞ்சின் டீசல் ஊற்றினால் ஓடியது, ஊற்றாவிட்டால் நின்றது. திட்டினாலும் புகழ்ந்தாலும் அதற்கு ஒன்றுதான். அதைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. விடுமுறை நாட்களில் கணவனும் மனைவியும் சுவரைத் தாண்டியதும் அதை அணைத்துவிட்டுப் பாயை விரித்துக்கொண்டு போவதைப் பார்த்து, டீக்கடையில் இருந்தவர்கள் இது எந்தக் கட்சி என்று தெரியாமல் குழம்பினார்கள். டார்ச் இப்போது டாக்டரின் கையில் இருந்தது.

பழைய எஞ்சினை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய இரும்புக்காரர் உண்மையாகவே கூலி கேட்டார். அதனால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கை கழுவும் தொட்டியின் கீழே வைத்தார்கள். ஒரு மதியம், டாக்டர் குழம்பில் உப்பு கொஞ்சம் குறைவு என்று சொல்ல, மனைவி ஒன்றும் சொல்லாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எஞ்சின் ஓட ஆரம்பித்தது. வாய்திறந்த ஏளனத்தைவிடப் பார்வைக்கு வேகம் அதிகம் என்பது டீக்கடை ஆராய்ச்சியில் விட்டுப்போயிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். எதுவும் கேட்காமல் அதற்கு ஒரு டைனமோவை மாட்டினார். முதலில் அந்த வீட்டுக்கும், பிறகு பக்கத்து வீட்டுக்கும், போகப்போகத் தெரு மொத்தத்துக்கும் கம்பி இழுத்தார்கள். இப்போது சாயங்காலம் கரண்ட் போனால் யாரும் மெழுகுவத்தி தேடுவதில்லை. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து, “டாக்டர், ஏதாவது பண்ணுங்களேன், பிள்ளைங்க படிக்கணும்” என்று குரல் கொடுப்பார். டாக்டர் எழுந்துபோய்க் குளித்துவிட்டு வந்து, ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவார். தெரு வெளிச்சமாகிவிடும்.