பின் சக்கரத்தில் ஒன்பது

தெலுங்கில் ஏழுக்கும் ‘ஏடு’தான், அழு என்பதற்கும் ‘ஏடு’தான். புத்தலப்பட்டு ஏற்றத்தில் தேவசேனா தன் பழைய ஏழு கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கண்கலங்கிய நாளிலிருந்து, ஞாயிறுதோறும் கூடச் சைக்கிள் ஓட்ட வரும் சந்துரு திருப்பதி அலுவலகத்தில் அவளை அப்படித்தான் கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் தன்னையே அவளால் மன்னிக்க முடியவில்லை.

“புதுசா ஒண்ணு வாங்கிக்கம்மா,” என்றார் மெக்கானிக் செங்கல்வராயன்.

“வேணாம்ணா. அவன் சிரிச்ச இதே வண்டிதான் ஏறணும்.”

அவர் பின் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை மாற்றி நீளமானதைப் போட்டார். அது நுழையும்படி ஃபிரேமைக் கொஞ்சம் விரித்து, ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கி ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஒன்பது பல்சக்கரங்கள் உட்கார்ந்தன. பெரியது சாப்பாட்டுத் தட்டுப் போலிருந்தது; அதில் போட்டு மிதித்தால் ஏற்றம் சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஏற்றத்தில் அவள் சந்துருவைத் தாண்டி, உச்சியில் போய் நின்றாள். துரத்தப் பார்த்த அவன் பாதியிலேயே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அவள் இமைக்காமல் பார்த்தாள்.

“தண்ணி இருந்தா குடு தேவசேனா, உசுரே பூட்ச்சு.”

அவன் வாயில் தன் பெயரைக் கேட்டது இனித்தது. ஆனால் போதவில்லை. பாட்டிலைத் திறந்து, அவன் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தாள்.