அமைச்சரின் இடது கால்

பாதுகாப்புத் துறை அமைச்சர் ஆம்பூருக்கு வருகிறார் என்று உறுதியான நாளிலிருந்து அந்த ஷூ கம்பெனியில் ஒருத்தருக்கும் வேலை ஓடவில்லை. கழிவறைக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் தட்டுப்பட்டது. ஐ.நா. அமைதிப் படைக்குப் போகும் நம்மூர் சிப்பாய்களுக்கென்று கம்பெனி புதிதாக ஒரு பூட்ஸ் செய்திருந்தது. அமைச்சர் அதைப் பார்ப்பார், பிறகு தொழிலாளர்களும் பத்திரிகைக்காரர்களும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வார் என்று ஏற்பாடு. தொழிலாளர்களின் கேள்விகளைக் கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாம்பிள் அறையில் வேலை செய்யும் மேகலாவுக்குக் கிடைத்த கேள்வி, 'அமைதிப் படையில் இந்தியாவின் பங்கை உலகமே வியப்பது ஏன்?' என்பது. அவள் புருசன் அன்பரசன் அதே படையில் தென் சூடானில் இருந்தான். அதனால் அவள் கேட்டால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று மேனேஜர் நிசார் அஹமது முடிவு செய்திருந்தார்.

மேகலாவிடம் வேறொரு கேள்வி இருந்தது. பொங்கலுக்கு முன்னாடியே திரும்பியிருக்க வேண்டியவன் அன்பரசன். ஆடி பிறந்தும் ஆளைக் காணோம். அவன் குழுவின் இடத்துக்குப் போக வேண்டிய மாற்றுக் குழு இன்னும் கிளம்பவில்லை, ஏன் கிளம்பவில்லை என்று அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகிச் சேர்ந்து வாழ்ந்தது கொஞ்ச காலம். மீதிக் குடித்தனமெல்லாம் போனில்தான். அதிலும் சிக்னல் போய்ப் போய் வரும். இந்திய அரசாங்கம் மொத்தத்தின் மேலும் மேகலாவுக்குக் கடுங்கோபம் இருந்தது. அதை யாரிடம் காட்டுவது என்று விலாசம் தெரியாமல் இருந்தவளுக்கு, விலாசமே தேடி வருகிறது.

"எழுதிக் குடுத்தத கேளுடி. வேற ஏதாச்சும் கேட்டா வேல போய்டும்," என்றாள் பக்கத்து மெஷின் ஹெலன்.

"போனா போவுது. வேல இன்னொண்ணு கெடைக்கும். எனக்கு அவர் எப்ப வர்றார்னு தெரியணும்."

அமைச்சர் வரும் நாள் காலையில் மேகலா அந்த பூட்ஸை முடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாதம் பதியும் இடத்தில் பசை தடவியாகிவிட்டது. இந்தப் பசையைத் தடவியதும் ஒட்டக்கூடாது. கொஞ்சம் காயவிட்டு, விரலில் பிசுபிசுவென்று இழுக்கும்போதுதான் மேலே தோலைப் பரப்பி அழுத்த வேண்டும். அது காய்கிற நேரத்தில் ஒத்திகைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. உலகம் வியப்பது ஏன், உலகம் வியப்பது ஏன் என்று நிசார் அஹமது முன்னால் சொல்லிக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் மேஜை காலியாக இருந்தது. பூட்ஸ் அதற்குள் ஹாலுக்குப் போய், வெல்வெட் துணி மேல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. உள்தோல் மட்டும் மேஜையிலேயே கிடந்தது.

அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. சாம்பிள் என்பது பார்க்கத்தான், போட்டுக்கொள்ள இல்லை. இந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் சாம்பிளை ஒற்றைக் காலுக்குத்தான் செய்வார்கள். வாங்குகிறவன் பார்த்துச் சரி என்றால்தான் மறுகால் பிறக்கும். அது காலங்காலமாக வரும் பழக்கம். மனிதனுக்கு இரண்டு கால் என்பதே இங்கே மறந்து போயிருந்தது.

அமைச்சர் சுந்தரமூர்த்தி வந்தார். ஆள் நல்ல உயரம், சிரித்த முகம். மாலையை வாங்கி உதவியாளர் கையில் கொடுத்தார், பூட்ஸைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு சுற்றும் முற்றும் தேடினார்.

"இன்னொண்ணு எங்கே?"

நிசார் அஹமதின் முகம் வெளுத்தது. "சாம்பிள்னா ஒண்ணுதான் சார். எப்பவும் லெஃப்ட் மட்டும்தான்."

"ஒரு காலோட எப்படிங்க அமைதியைக் காப்பாத்துறது?" என்று கேட்டு அமைச்சரே சிரிக்க, ஹால் மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு தந்த உற்சாகத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் இடது ஷூவைக் கழற்றிவிட்டு, பூட்ஸுக்குள் காலை விட்டார். கேமராக்கள் மின்னின. மூன்றாவது வரிசையில் இருந்த மேகலாவுக்கு மேஜையில் கிடந்த உள்தோல் ஞாபகம் வந்தது.

கேள்விகள் தொடங்கின. ராணுவச் செலவு ஏன் வருசா வருசம் ஏறுகிறது என்றார் ஒரு பத்திரிகைக்காரர். அது செலவே இல்லை, நிம்மதி என்றார் அமைச்சர். அந்த நிம்மதி போதுமா என்றார் இன்னொருவர். நிம்மதிக்கு ஏது அளவு என்றார். அடுத்தவன் நாட்டுச் சண்டையில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று ஹெலன் கேட்டாள். அவளுக்கு எழுதிக் கொடுத்த கேள்வி அது இல்லை. பயத்தில் அது மறந்து, மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. அமைச்சர் அசரவில்லை. அந்தக் கேள்வியையும் தடவிக்கொடுத்து, தலை வாரி, பூ வைத்து வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டார். கைதட்டல் எழுந்தது. என்ன பதில் சொன்னார் என்று அப்போது கைதட்டியவர்களைக் கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பார்கள்.

இதற்கிடையில் அமைச்சர் பூட்ஸைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு பதிலைச் சொல்லி, மறுபடியும் இழுத்தார். அப்போதும் வரவில்லை. நிசார் அஹமது மேகலாவுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் ஓடிப்போய் அமைச்சரின் காலடியில் மண்டியிட்டு, கயிற்றை முழுக்கத் தளர்த்தி, உள்ளே விரலை விட்டாள். சாக்ஸ் பசையோடு பசையாக ஒட்டிக்கொண்டு கெட்டியாக இருந்தது.

"சார், சாக்ஸ் ஒட்டிக்கிச்சு. தப்பு என்னுதுதான்," என்றாள் மெதுவாக. "காலை மட்டும் உருவிடுங்க. சாக்ஸ் உள்ளயே இருக்கட்டும்."

அமைச்சர் பூட்ஸை ஆராய்வதுபோலக் குனிந்தார். "அது முடியாதும்மா."

"ஏன் சார்?"

"எம் பேத்தி ஞாயித்துக்கிழமை விளையாட்டா நகத்துக்கெல்லாம் பாலிஷ் போட்டுட்டா. ரோஸ் கலர். அழிக்க மறந்துட்டேன். இத்தனை கேமரா இருக்கு."

மேகலா தலையைத் தாழ்த்திக்கொண்டாள். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையில் முட்டியது. பல்லைக் கடித்துப் பார்த்தாள், தோள் இரண்டும் தனியாகக் குலுங்கின. அமைதிப் படை வீரரின் மனைவி அமைச்சரின் பாதத்தில் விழுந்து உருகி அழுகிறாள் என்று டிவிக்காரர் ஒருவர் நேரலையில் நாட்டுக்கு அறிவித்தார். நிசார் அஹமது கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுதான் சமயம் என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

சிரிப்பு சட்டென்று நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சார், எங்க வூட்டுக்காரர் அன்பரசன் அமைதிப் படைல கீறாரு. பொங்கலுக்கு வரவேண்டியவரு. எப்ப வருவாரு?"

நிசார் அஹமது கண்ணை மூடிக்கொண்டார். அமைச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம் வீரர்களின் தியாகம் இருக்கிறதே, அது அளவிட முடியாதது. அவர்களுடைய குடும்பங்களின் தியாகமோ அதைவிட..."

"அது சரி சார். எப்ப வருவாரு?"

"இந்தியத் தாயின் ஒவ்வொரு பிள்ளையும்..." என்று தொடங்கியவர், அப்படியே குனிந்து ரகசியமாக, "காலைக் கொஞ்சம் மறைச்சு எடுத்துவிடும்மா," என்றார்.

"மொதல்ல பதில் சொல்லுங்க சார். கால அப்புறம் பாக்கலாம்," என்றாள் மேகலா. மைக் அவள் கையில்தான் இருந்தது. எந்தக் கால் என்று புரியாவிட்டாலும் தையல் லைன் பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அமைச்சர் சிரிக்கவில்லை. அவளை நேராகப் பார்த்தார்.

"தெரியலைம்மா. மாத்துக் குழுவோட ஃபைல் எங்கிட்டதான் இருக்கு. வந்து ரொம்ப நாளாச்சு. நான் இன்னும் படிக்கலை."

இவ்வளவு பெரிய நாடு, அத்தனை துப்பாக்கி, அத்தனை விமானம், கடைசியில் தன் புருசன் ஒருத்தர் படிக்காத காகிதத்துக்கடியில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்பது மேகலாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் மைக்கைக் கீழே வைத்தாள். அடுத்ததை அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"உங்க பேத்திக்காவது ஞாயித்துக்கிழம நீங்க கெடைச்சீங்க சார்."

அமைச்சர் தன் காலைப் பார்த்தார். பிறகு பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பில் காலை உருவி எழுந்துவிட்டார். அத்தனை கேமராவுக்கும் முன்னால் இந்தியாவின் பாதுகாப்புத் துறை அமைச்சருடைய ஐந்து விரல்களும் ரோஸ் நிறத்தில் பளபளத்தன.

"பேத்தி," என்றார் அவர் பொதுவாக. "வலது காலும் இதேதான்."

அவ்வளவுதான், ஹாலே சிரிப்பில் அதிர்ந்தது. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அமைச்சர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் பாலிஷுமாக ஏற்ற இறக்கமாக நடந்து, கதவோரம் நின்ற செயலாளரை அழைத்து, அவர் கையிலிருந்த டேப்லெட்டில் அந்த ஃபைலைத் திறக்கச் சொன்னார். நின்றபடியே படித்தார். நடுவில் ஒரு பத்திரிகைக்காரர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். "படிச்சிட்டிருக்கேன்," என்றார் அமைச்சர், தலையைத் தூக்காமல். விரலால் திரையில் கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்து, கீழே கிடந்த மைக்கை எடுத்தார்.

"இந்த மாசக் கடைசியில மாத்துக் குழு கிளம்புது. அதே விமானத்துல உங்க வீட்டுக்காரரும் மத்தவங்களும் திரும்புறாங்க. இது பதில்மா. இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் பேச்சு."

மேகலாவுக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. ஹெலன் ஓடி வந்து கட்டிப்பிடிக்க, இரண்டு பேருமாகத் தரையில் சாய்ந்து, எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். நிசார் அஹமது அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து, "பூட்ஸ் பத்தி ஏதாச்சும் சொன்னாராம்மா? பிடிச்சிருக்கா, இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மேகலாவின் போன் அடித்தது. அன்பரசன்தான். பின்னணியில் ஒரு முகாமே கூத்தடிக்கும் சத்தம். யாரோ தட்டில் தாளம் போட, நாலைந்து பாஷையில் விசில் பறந்தது.

"மேகலா, இன்னா பண்ண நீ? இங்க எல்லாம் டிவி முன்னாடிதான் கீறோம். மேஜர் சாரே ஆடறாரு."

"நான் இன்னா பண்ணேன், கேள்விதான் கேட்டேன்," என்றாள் அவள். "நெஜமா சொல்லு. எப்ப வர்ற?"

இத்தனை மாதமாக இந்தக் கேள்விக்கு அன்பரசன் 'பாக்கலாம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றி, சாப்பிட்டியா என்று கேட்பான். இன்று அவன் பேச்சை மாற்றவில்லை. அந்த விசில் சத்தத்தில் பதில் தப்பிவிடுமோ என்று அவள் போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"வர்றேன்," என்றான்.